கட்டிலுக்கு அடியில்

பெட்பேன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கணேசபாண்டியனுக்கு அது தெரியும். வார்டில் சேர்ந்த அன்று பெட்டியைக் கீழே வைக்கக் குனிந்தபோது மங்கலாகப் பார்த்திருந்தார். வெள்ளை எனாமல். விரலால் தடவினார். விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்து சொரசொரப்பாக இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பெட்டியை அதன் மேல் படாமல் தள்ளி வைத்தார்.

இப்போது இரண்டு கண்களும் கட்டப்பட்டிருந்தன. தலைக்கு இரு பக்கமும் மணல் பைகள். மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் மாப்பிள்ளை நம்பிராஜன் உட்கார்ந்திருந்தான்.

அவருக்கு இருந்தது ஒரே கண். இடது கண் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வலி இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து ஒருநாள் இல்லாமல் போயிற்று. தாராவியில் தோல் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. பக்கவாட்டில் வந்த கைவண்டி தெரியாமல் அதன் மேல் போய் விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். உள்ளே ஊறும் நீர் வடிய வழியில்லை. அந்த அழுத்தத்தில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இடது கண்ணில் செத்தது செத்ததுதான். வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போதவில்லை. அறுத்து ஒரு வழி செய்தார்கள். அது மூடிக்கொண்டது.

கோய்னா பூகம்பத்தில் பம்பாய் ஆடிய மாதம், டாக்டர் வெங்கடராமன் வேறொன்று செய்து பார்த்தார். நூல் போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கண்ணின் மேல்பக்கம், இமைக்கு அடியில் வைத்துத் தைத்தார். வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த வேலை. நிற்கும் என்று உறுதி சொல்லவில்லை. நின்றது. நீர் வடிந்தது. அழுத்தம் இறங்கியது.

பிறகு அதே கண்ணில் புரை வந்தது. முதலில் தோலில் எது கத்திக்கீறல், எது சுருக்கம் என்று தெரியவில்லை. பிறகு தோலே தெரியவில்லை. கிடங்கில் வேறு ஆள் வந்தான்.

டாக்டர் மாட்டுங்காக்காரர். தமிழில் பேசுவார். ஆபரேஷனுக்கு முன்னால் மாமனாரையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து விளக்கினார். சாதாரணமாகப் புரையை மேல்பக்கம் வெட்டி எடுப்பது வழக்கம். மேல் இமை அந்தக் காயத்தைப் போர்த்திக்கொண்டு காக்கும். இவருக்கு மேலே குழாய் இருக்கிறது. அங்கே கத்தி பட்டால் குழாய் போய்விடும், குழாய் போனால் கண் போய்விடும். ஆகவே கீழ்ப்பக்கம் வெட்டப் போகிறார். கீழே இமையின் காவல் இல்லை. காயம் ஒட்டும் வரை தலை அசையக் கூடாது. குனியக் கூடாது, முக்கக் கூடாது, இருமக் கூடாது.

"கட்டிலை விட்டு எழுந்துக்கவே கூடாது. எல்லாமே படுத்த மேனிக்குத்தான். எல்லாமேன்னா எல்லாமே. புரியறதா?"

நம்பிராஜன் புரிகிறது என்றான். கணேசபாண்டியனும் தலையாட்டினார். அப்போதே அவர் நினைப்பு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

*

அது ஆண்கள் வார்டு. பெண்கள் பார்வை நேரத்தில் வந்து போகலாம், தங்கக் கூடாது. இரண்டு வார்டுக்கு ஒரு வார்டுபாய். காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை வருவான். மற்ற நேரங்களில் வீட்டு ஆள் இருப்பவர்களுக்கு வீட்டு ஆள்தான். கணேசபாண்டியனுக்கு மனைவி இல்லை, மகன் இல்லை. ஒரே மகள் பூமாரி. ஊரிலிருந்து வருவதாகச் சொன்ன தம்பி வரவில்லை. ஆகவே பூமாரியின் புருஷன் நம்பிராஜன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தான்.

மாப்பிள்ளை தாராவிக்கு வந்தால் கணேசபாண்டியன் எழுந்து நிற்பார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிடுவார். பீடி இருந்தால் கீழே போட்டு மிதிப்பார். மாப்பிள்ளைக்கு எதிரில் கால் நீட்டியதில்லை. அவன் சாப்பிட்டு எழுந்த இலையை அவரே எடுப்பார், மகளை எடுக்க விடமாட்டார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவது மைத்துனன் வேலை. மைத்துனன் இல்லாததால் பித்தளைத் தாம்பாளத்தில் அவன் காலை வைத்து இவரே கழுவினார். அந்தக் காலை அவர் மறக்கவில்லை. வெள்ளையான, வெடிப்பில்லாத கால். செம்பூரில் திலக் நகரில் வீட்டுக்குள்ளேயே குழாயும் கக்கூசும் இருக்கும் இடத்துக்கு அவர் மகளைக் கூட்டிப்போன கால்.

தாராவியில் அவர் இருந்த சந்துக்குப் பொதுக் கக்கூஸ். கூட்டம் வருவதற்கு முன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் போவதை யாரும் பார்த்ததில்லை என்பது அவருக்கு ஒரு கௌரவம்.

ஆபரேஷன் முடிந்த அன்று கஞ்சி வேண்டாம் என்றார். மறுநாளும் பசியில்லை என்றார். சிறுநீருக்கு வார்டுபாய் வரும் நேரம் வரை அடக்கிக்கொண்டு பாட்டிலை வாங்கிக்கொண்டார். வார்டுபாய் எல்லாத் தமிழர்களையும் 'மத்ராஸி' என்றுதான் கூப்பிடுவான். அவன் எடுத்துப்போவதில் வெட்கம் இல்லை. அவன் வேலை அது.

நம்பிராஜன் கேட்டான். முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க மாட்டான் என்று குரலிலிருந்து தெரிந்தது.

"மாமா, எதுவும்... போகணும்னா சொல்லுங்க."

"வேண்டாம் மாப்ளே. ஒண்ணும் வரல."

அடுத்த கட்டிலில் மன்சூர் அலி சிரித்தார். மேலப்பாளையத்துக்காரர், வடாலாவில் குடும்பம், தையல் வேலை. அவருக்கும் மிஞ்சியிருந்தது ஒரு கண், டாக்டர் அதில் குழாய் வைத்திருந்தார், அதிலும் புரை. பாண்டியனுக்குச் செய்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் இவருக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் கண்ணில் அழுத்தம் எப்படி இருக்கிறதென்று அளந்து பார்க்கச் சேர்த்து வைத்திருந்தார்கள். கட்டு இல்லாததால் வார்டில் அவர் வாய்தான் அதிகம்.

"ஓய் பாண்டியன், கஞ்சியக் குடியும். ஆளில்லாமக் கெடக்கேன் நானு. ஒமக்கு மாப்பிள்ளையே காவல் இருக்காரு."

நம்பிராஜன் அந்தப் பக்கம் போனதும் மன்சூர் அலி குரலைத் தாழ்த்தினார்.

"வயித்துக்குத் தெரியுமாவே, ஒக்காந்திருக்கது மாப்பிள்ளைன்னு?"

*

மறுநாள் மத்தியானம் வயிற்றுக்குத் தெரியவில்லை.

கஞ்சி வேண்டாம் என்றதற்கு சிஸ்டர் திட்டியிருந்தாள். அவள் நிற்கும்போதே குடிக்க வைத்தாள். குடித்தது வினை. முதலில் ஒரு திருகல். பிறகு இன்னொன்று. வார்டுபாய் வர நேரம் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை முழுவதும் தூங்கியது. மன்சூர் அலியை அழுத்தம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள்.

ஸ்டூல் அசையும் சத்தம் கேட்டது. நம்பிராஜன் விழித்துத்தான் இருந்தான். 'மாப்ளே' என்று கூப்பிட்டுச் சொன்னால் போதும். அவன் குனிவான். அதை இழுப்பான். இவர் வேட்டியை ஒதுக்குவான். பிறகு அதை மூடி, கையில் ஏந்திக்கொண்டு, வரிசை நெடுக நடந்து போய்க் கொட்டிக் கழுவி வருவான். அதற்குப் பிறகு அவன் தாராவிக்கு வரும்போது இவர் எழுந்து நிற்பார். என்ன முகத்தோடு நிற்பார்?

"மாப்ளே, கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். "காலைலேர்ந்து ஒக்காந்தே இருக்கீங்க."

"பரவாயில்ல மாமா."

"போயிட்டு வாங்க. நான் தூங்கப் போறேன்."

ஸ்டூல் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பிறகு செருப்புச் சத்தம் போயிற்று.

அவர் மணல் பையை ஒதுக்கினார். மெதுவாகத்தான் எழுந்தார். மெதுவாக எழுந்தால் எழுந்ததாகாது என்று நினைத்தார். கால் தரையைத் தொட்டது. கட்டில்களின் கால்மாட்டில் இரும்புக் கம்பி. ஒன்றைப் பிடித்து விட்டு அடுத்ததைப் பிடித்தார். வரிசையில் எல்லோர் கண்களும் கட்டப்பட்டிருந்தன. யாரோ ஒருவர் மராத்தியில் யார் என்று கேட்டார். அவர் மூச்சைப் பிடித்து நின்றார். கேட்டவர் மறுபடி கேட்கவில்லை.

கக்கூசில் உட்கார்ந்தபோது, குனிகிறோம் என்று தெரிந்தது. முக்கியபோது, முக்குகிறோம் என்றும் தெரிந்தது. வெளியே வரும்போது கதவு நிலை நெற்றியில் இடித்தது. பலமான இடி இல்லை. ஆனால் கண்ணுக்குள் ஏதோ வெதுவெதுப்பாக நகர்ந்தது.

திரும்பி வந்து படுத்தார். மணல் பைகளை எடுத்துத் தலைக்கு இரு பக்கமும் வைத்துக்கொண்டார். கட்டை நேராக்கினார். செருப்புச் சத்தம் வந்தபோது தூங்குவது போல மூச்சு விட்டார். ஃபிளாஸ்க் மூடியைத் திறக்கும் ஓசை கேட்டது. மாப்பிள்ளை அவருக்கும் டீ வாங்கி வந்திருந்தான்.

*

மாலையில் வலி வந்தது. முதலில் கண்ணில், பிறகு பாதித் தலையில். வாந்தி வந்தது. சிஸ்டர் ஊசி போட்டாள். நம்பிராஜன் ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றே இருந்தான்.

காலையில் டாக்டர் கட்டைப் பிரித்து டார்ச் அடித்தார். கணேசபாண்டியனுக்கு வெளிச்சம் தெரியவில்லை. செங்கல் நிறத்தில் ஓர் இருட்டு தெரிந்தது. டாக்டரின் விரல் இமையை இன்னும் கொஞ்சம் விலக்கியது. பிறகு சிஸ்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு இவர் பக்கம் குனிந்து சொன்னார். காயம் ஓரிடத்தில் தையல் விட்டுப் பிரிந்திருக்கிறது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. குழாயின் வாயில் ரத்தம் அடைத்ததால் அழுத்தம் ஏறிவிட்டது.

"எழுந்தேளா?"

"இல்ல."

"தூக்கத்துல புரண்டேளா? எங்கேயாவது இடிச்சிண்டேளா?"

"இல்ல டாக்டர்."

இரண்டாவது 'இல்லை' முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

டாக்டர் நம்பிராஜனைக் கேட்டார். எப்போதும் கூடவே இருந்தாயா என்று கேட்டார். கணேசபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மாமாதான் போகச் சொன்னார் என்று சொல்லுவான். அதில் தப்பில்லை, அது நடந்ததுதான். அவன் சொல்லிவிட்டால் மீதியையும் தன் வாயால் சொல்லிவிடலாம்.

"மத்தியானம் டீ குடிக்கப் போனேன் சார்" என்றான் நம்பிராஜன். "கொஞ்சம் லேட்டாயிட்டு."

டாக்டர் சத்தம் போடவில்லை. ஒரு மனுஷருக்கு மிஞ்சியிருப்பது ஒரு கண், அதைப் பார்த்துக்கொள்ளத்தானே உன்னை உட்கார வைத்தது, தூக்கத்தில் அவர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு டாக்டர் மருந்து எழுதினார். இன்று ஒருநாள் மருந்தில் ரத்தம் கரைகிறதா பார்ப்போம் என்றார்.

சாயங்காலம் பூமாரி வந்தாள். சிஸ்டர் வாசலிலேயே அவளிடம் சொல்லியிருந்தாள். அவள் அப்பாவிடம் வரவில்லை. புருஷனிடம் போனாள். வார்டுக்காகக் குரலை அடக்கினாள். அடக்கியதாலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"ஒரு டீக்கு எங்கப்பா கண்ணக் குடுத்துட்டு வந்திருக்கீக."

நம்பிராஜன் ஃபிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினான்.

"ஒங்கம்மாவா இருந்தா எந்திச்சுப் போயிருப்பீகளா?"

கணேசபாண்டியன் வாயைத் திறந்தார். நாக்கு வறண்டு இருந்தது. மகள் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஸ்பூனில் ஊற்றினாள். அவர் விழுங்கினார். சொல்ல வந்ததும் அதோடு உள்ளே போயிற்று.

பூமாரி போன பிறகு அவர் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் தாராவி வழியாகத்தான் போவாள். அவருடைய ஒற்றை அறை வீட்டை, அந்தக் கோலியைத் திறந்து விளக்கேற்றிவிட்டுப் போவது வழக்கம். பக்கத்துக் கோலிக்காரர்கள் கேட்பார்கள். அவள் சொல்லுவாள். நாளைக்குள் சந்து முழுக்கத் தெரியும். ஒரு பாத்திரத்தை மாப்பிள்ளை தொடக் கூடாதென்று எழுந்து போனார். இப்போது சந்து முழுக்க மாப்பிள்ளையின் மேல் துப்பும். அவன் கால் கழுவிய கை இந்தக் கைதான்.

அதைச் சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் கக்கூஸ் இருந்தது. மாப்பிள்ளை இருந்தான். டாக்டரிடம் சொன்ன 'இல்லை' இரண்டு தடவை இருந்தது. முதலில் ஒரு வெட்கம். இப்போது அதன் மேல் இன்னொன்று. சொல்லாமல் கிடந்த ஒவ்வொரு மணியும் அது கனத்தது.

நம்பிராஜன் அவர் வாயைத் துடைத்தான். வாந்தி பட்ட துண்டை அலசிக்கொண்டு வந்து உலர்த்தினான்.

*

மறுநாள் காலை டாக்டர் முதலில் மன்சூர் அலியின் கட்டிலுக்கு வந்தார். கணேசபாண்டியனுக்குக் குரல் மட்டும் கேட்டது.

உங்களுக்கு இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன் என்றார் டாக்டர். குழாய் வைத்த கண்ணில் கீழ்ப்பக்கம் வெட்டுவது தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. அசையாமல் படுத்திருந்தவருக்கே காயம் விட்டுக்கொண்டுவிட்டது. மேலே வெட்டினால் குழாய் போய்விடும். இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழி எனக்குத் தெரியாது. தப்பு என் கணக்கில்தான்.

மன்சூர் அலி சற்று நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து கணேசபாண்டியன் கேட்டதில்லை.

"அப்ப இந்தக் கண்ணு இப்படியேதானா டாக்டர்?"

"வெளிச்சம் இருக்கும். நிழல் தெரியும்."

"ஊசியில நூல் கோக்க ஏலாது."

"முடியாது."

"சரி" என்றார் மன்சூர் அலி. "எம் பொஞ்சாதி மதீனாவுக்குச் சொல்லி அனுப்புங்க. வந்து கூட்டிட்டுப் போகட்டும். நான் வழி தெரிஞ்சு போற ஆளில்ல இனிமே."

போர்வையை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை மடித்தார். பிறகு பிரித்து மறுபடி மடித்தார். ஓரம் சேரவில்லை போலிருக்கிறது. தையல்காரர்.

"டாக்டர்" என்றார் கணேசபாண்டியன்.

"வரேன். இவருக்கு..."

"நான் எந்திச்சேன் டாக்டர்."

மடிக்கும் சத்தம் நின்றது.

டாக்டரின் செருப்புச் சத்தம் அருகில் வந்தது. எப்போது என்று கேட்டார். நேற்று முன்தினம் மத்தியானம். எதற்கு? கக்கூசுக்கு. நடந்தா? நடந்து. குனிந்தீர்களா? குனிந்தேன். கதவில் இடித்துக்கொண்டேன். கேட்டதற்கெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல முகம் கட்டுக்குள் எரிந்தது.

"மாப்பிள்ளை டீக்குத் தானாப் போகல. நாந்தான் அனுப்புனேன். அவரு இருந்தா போக முடியாதுல்லா."

"கீழே பெட்பேன் இருக்கே" என்றார் டாக்டர்.

"அத மாப்பிள்ளைல்லா எடுக்கணும்."

டாக்டர் அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மாட்டுங்காவில் அவரும் ஒரு வீட்டு மாப்பிள்ளையாக இருக்கலாம். வேறொன்று கேட்டார்.

"நேத்திக்குக் கேட்டேனே. ஏன் சொல்லலை?"

கணேசபாண்டியனின் விரல்கள் போர்வை ஓரத்தைச் சுருட்டின.

"நேத்திக்கே சொல்லியிருந்தா நேத்திக்கே உள்ளே கழுவியிருப்பேன். தானா விட்டுண்ட காயம்னு நெனைச்சு மறுபடி கை வைக்கப் பயந்துண்டு நின்னேன். ஒரு நாள் போயிடுத்து. அழுத்தத்துல ஒரு நாள்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். இடது கண் அப்படித்தான் போயிற்று.

டாக்டர் சிஸ்டரிடம் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். ரத்தத்தைக் கழுவ வேண்டும், காயத்தை மறுபடி தைக்க வேண்டும், குழாயின் வாயைத் திறக்க வேண்டும். எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"மன்சூர் பாய், நீங்க இருங்கோ. இன்னும் போக வேண்டாம்."

டாக்டர் போனார். மன்சூர் அலி இருமினார். ஏதாவது சொல்வார் என்று கணேசபாண்டியன் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும். மன்சூர் அலி திட்டவில்லை. கேலியும் செய்யவில்லை. மடித்த போர்வையைப் பிரித்துக் காலில் போட்டுக்கொண்டார்.

நம்பிராஜன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தான்.

"மாமா."

"சொல்லுங்க மாப்ளே."

"எதுக்கு அனுப்புதீகன்னு எனக்குத் தெரியும். எந்திப்பீகன்னு நெனைக்கல. ஆளில்லேன்னு சொல்லி வார்டுபாயக் கூப்பிடுவீகன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "மெதுவாத்தான் வந்தேன். அவன் வந்து முடிச்சிட்டுப் போவட்டும்னு."

கணேசபாண்டியன் கையை நீட்டினார். மாப்பிள்ளையின் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

*

சாயங்காலம் பூமாரி வந்தபோது அவர் தியேட்டரிலிருந்து வந்து படுத்திருந்தார். உதட்டை அதிகம் அசைக்காமல் அவளிடம் சொன்னார். முழுவதையும் சொன்னார். நேற்று நீ அவரைப் பேசினபோது கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன் என்பதையும் சொன்னார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"ஒரு சட்டிக்கா யப்பா?" என்றாள்.

"சட்டிக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவள் புருஷன் பக்கம் திரும்பியது சேலைச் சத்தத்தில் தெரிந்தது. கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து அவனுக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். கோலியில் என்ன சொன்னாளோ, அதை இன்று மாற்றிச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வாள் என்று அவர் கேட்கவில்லை.

காலையில் டாக்டர் கட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். வெளிச்சம் தெரிகிறதா என்றார். தெரிந்தது. செங்கல் நிறம் வெளுத்து நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். கையை ஆட்டினார். ஏதோ ஆடுகிறது என்றார் இவர். எத்தனை விரல் என்றார். விரல் தெரியவில்லை. முன்னால் இருந்த அளவு வருமா என்று கேட்டதற்கு, வராது என்றார் டாக்டர். கண்ணாடி போட்டால் ஆள் அடையாளம் தெரியலாம், சொந்தமாக நடமாடலாம். தோல் தரம் பார்க்க முடியாது. அதுவும் காயம் ஒட்டினால்தான். குழாயில் நீர் வடிகிறது. மறுபடி விட்டுக்கொண்டால் தைக்க இடம் இல்லை.

"இனிமே என் கையில ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் மன்சூர் அலியிடம் வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன் என்றார்.

"தொழுதுட்டு வந்துரவா டாக்டர்?"

"படுத்துண்டே தொழுங்கோ."

கணேசபாண்டியனுக்குக் கஞ்சி வந்தது. நம்பிராஜன் ஸ்பூனில் கொடுத்தான். அவர் குடித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தே குடித்தார்.

மத்தியானம் வந்தது. வரிசை தூங்கியது. முதலில் ஒரு திருகல். அவர் பல்லைக் கடித்தார். பல்லைக் கடிப்பதும் கூடாது என்று நினைவு வந்து தாடையைத் தளர்த்தினார். இன்னொரு திருகல். பக்கத்துக் கட்டில் கிரீச்சிட்டது. மன்சூர் அலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. இருந்தாலும் திரும்பிக்கொண்டார்.

"மாப்ளே."

"என்ன மாமா?"

சொல் வரவில்லை. நம்பிராஜன் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை.

"அது வேணும்" என்றார்.

ஸ்டூல் நகர்ந்தது. கட்டிலுக்கு அடியில் எனாமல் தரையில் உரசிக்கொண்டு வந்தது. வரிசை முழுவதற்கும் கேட்டிருக்கும். கழுத்திலிருந்து நெற்றி வரை அவருக்குச் சூடு ஏறியது. முகத்தைத் திருப்ப முடியவில்லை, மணல் பைகள் இருந்தன. கூரைக்கு நேராக அந்த முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தார்.

"நீங்க ஒண்ணும் செய்யாதீக மாமா. நான் தூக்குதேன்."

ஒரு கை இடுப்புக்கு அடியில் வந்தது. தூக்கியது. எனாமல் உதிர்ந்த இடம் உறுத்தும் என்று அவர் காத்திருந்தார். உறுத்தவில்லை. விளிம்பில் துணி சுற்றியிருந்தது.

"எப்ப சுத்துனீங்க?"

"வந்த அன்னைக்கே."

நம்பிராஜன் போர்வையை இழுத்து அவர் இடுப்புக்கு மேல் மூடினான். பிறகு ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தான்.